அணைத்த சுவிட்ச்

இடது பின் சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருந்த மட்கார்டுக்கும் நடுவே அவள் இரும்பு ஸ்கேலை நுழைத்துப் பார்த்தாள். முந்தின நாள் மாலை எஞ்சினை ஓட்டி எட்டு சென்டிமீட்டருக்கு ஏற்றியிருந்த இடைவெளி காலையில் மூன்றாகியிருந்தது. வலது பக்கம் எட்டு எட்டாகவே இருந்தது. கறுப்பு நிறப் பெரிய கார், ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டவன் மாதிரி சாய்ந்து நின்றது. சாக்பீஸால் டயரில் எண்ணை எழுதிவிட்டு எழுந்தாள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குப் பெயர் மீட்டர். பதினோரு வருஷமாக வயர் வேலை. எந்த வண்டிக்குக் கூப்பிட்டாலும் மின்சாரம் அளக்கும் மீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் வருவாள். சின்னவர்கள் மீட்டரக்கா என்பார்கள், பெரியவர்களுக்கு வெறும் மீட்டர். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

சூப்பர்வைசர் வந்து ஒரு காகிதத்தை பானெட்டின் மேல் வைத்தார். பன்னிரண்டு மணிக்கு வண்டிக்காரர் வருகிறார், அதற்குள் இந்தச் சாய்வு போக வேண்டும் என்றார். காகிதமும் அதே பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் மேஜைக்குப் போக வேண்டும். விபத்து அறிக்கை. மொத்தமே மூன்று வரி. வண்டியைத் தூக்குவதற்கு முன் அணைக்க வேண்டிய சுவிட்சை மெக்கானிக் அணைக்கவில்லை, காயத்துக்குக் காரணம் அவருடைய கவனக்குறைவே என்று அதில் இருந்தது. கீழே இரண்டு சாட்சிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒன்றில் சூப்பர்வைசர் போட்டுவிட்டார். விபத்து நடந்தபோது முதலில் ஓடி வந்தவள் என்பதால் இரண்டாவது அவளுடையது.

"உங்க வீட்டு ஆளுதான், எனக்குத் தெரியும். ஆனா நான் ஓடிப்போய் டிக்கியத் திறந்து பாத்தேன் மீட்டர். சுவிட்சுல செவப்பு லைட்டு எரிஞ்சுட்டு இருந்துச்சு. இதுல பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போகுது?"

அவர் பொய் சொல்கிற முகமாக இல்லை. 

மெக்கானிக் அவளுடைய அக்கா புருஷன். ஒன்பது வருஷமாக எப்போதும் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் கிடப்பவர் என்பதால் பாதாளம் என்று கூப்பிடுவார்கள். மேலே வந்தால் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பக் கீழே போய்விடுவார். செவ்வாய்க்கிழமை காலை இந்த வண்டியின் இடது பின் அச்சுக்கு ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு உள்ளே தடவிக்கொண்டிருந்தார். வண்டியின் உடல் புஸ்ஸென்று மூச்சுவிட்டபடி இறங்கி அவர் வலது கைமேல் உட்கார்ந்தது. அடுத்த வண்டியில் வேலையாக இருந்த அவள்தான் இன்னொரு ஜாக்கியை உருட்டி வந்து உடலைத் தூக்கினாள். ஆள்காட்டி விரலின் நுனியை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் தப்பின.

இந்த வண்டிக்குப் பின்பக்கம் இரும்புச் சுருள் கிடையாது. இரண்டு ரப்பர் பைகளில் இருக்கும் காற்றுதான் உடலைத் தாங்குகிறது. ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் பலூன் என்று பெயர். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலூனுக்குக் காற்றை ஏற்றும், உயர்ந்துவிட்டால் காற்றை இறக்கும். எவ்வளவு உயரம் என்று அதற்குச் சொல்வது சக்கரத்தின் உள்பக்கம் இருக்கும் ஒரு சென்சார். சாவியை எடுத்த பிறகும் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் தூங்காது. கீழே ஒரு ஆள் கையை விட்டுக்கொண்டிருப்பது அதற்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் டிக்கியின் இடது ஓரத்தில், ஒரு மூடிக்குப் பின்னால், தனியாக ஒரு சுவிட்ச். ஜாக்கி போடுவதற்கு முன் அதை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் மொத்த ஏற்பாடும் கட்டையாகிவிடும்.

அந்தச் சுவிட்ச் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. குனிந்து தலையை டிக்கிக்குள் விட்டால்தான் தெரியும். அதனால் யாரும் குனிவதில்லை. மூடிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, சுவிட்சின் கீழ்ப்பக்கத்தை அழுத்திவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அவளும் அப்படித்தான் செய்வாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அடுப்பை அணைக்காமல் வந்தது, பூட்டிய பூட்டிலேயே சாவியை விட்டுவிட்டு வந்தது என்று அவருடைய மறதிக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோபம் அவர்மேலா விரல்மேலா என்று அக்காவுக்கே தெரியவில்லை.  அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"ஏம்மா, கை அந்த எடத்துக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு. அழுத்துனேனான்னு கேட்டா ஞாபகம் இல்ல. எத்தனையோ தடவ அழுத்தியிருக்கேன், எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ என்னமோ."

அவர் வாயிலிருந்து ஒரு நக்கல் கூட வராமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. விரல் போனதைவிட அது அவளுக்குத் தாங்கவில்லை. அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிடுவார் என்று பட்டது. கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு அவர் தலையில், வேலையும் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரே அதை நம்பிக்கொண்டு மிச்சக் காலத்தைத் தள்ளுவார்.

"பன்னண்டு மணிக்கு வண்டியும் ரெடியா இருக்கும், காகிதமும் ரெடியா இருக்கும் சார்," என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். அவர் தன் டிராயரிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

டிக்கியின் இடுக்கில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதியும் சூப்பர்வைசரின் கையெழுத்தும் அதில் இருந்தன. விசாரணை என்று வந்தால் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்பதில் அவர் கறார். அவளே அவரைக் கூப்பிட்டு, அவர் கையாலேயே பட்டையைக் கிழிக்கச் சொன்னாள். அவர் கிழித்துவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போனார்.

வேலை தொடங்குவதற்கு முன் சுவிட்சை அணைக்க வேண்டுமே. கை தானாக மூடிக்குப் பின்னால் போனது. கட்டைவிரலால் கீழ்ப்பக்கத்தை அழுத்தினாள். சுவிட்ச் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். அது ஏற்கெனவே கீழே அழுந்தித்தான் இருந்தது.

அவள் கையை வெளியே எடுத்துவிட்டாள். பிறகு பதினோரு வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். முழங்காலை டிக்கியின் விளிம்பில் ஊன்றி, தலையை உள்ளே விட்டு, அந்தச் சுவிட்சைக் கண்ணால் பார்த்தாள். சுவிட்ச் அணைந்த பக்கம் சாய்ந்திருந்தது. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

 மாமா அணைத்திருக்கிறார். அவர் அழுத்தியது அழுத்தியபடி, மூன்று நாளாக யாரும் தொடாமல் இருக்கிறது. சூப்பர்வைசர் மூடி இடுக்கில் விளக்கின் சிவப்பைப் பார்த்தது நிஜம். விளக்கைப் பார்த்தவர் சுவிட்சைப் பார்க்கவில்லை.  போனை எடுத்து விளக்கும் சுவிட்சும் ஒன்றாகத் தெரியும்படி நான்கு படம் எடுத்தாள்.

அணைந்த சுவிட்சில் விளக்கு எரிகிறதென்றால் கரண்ட் வேறு வழியில் போகிறது. சுவிட்சைத் தொடாமல் பக்கத்துப் பலகையின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். பலகையைச் சாய்த்து டார்ச் அடித்தாள். சுவிட்சுக்குப் போகிற வயரும் அதிலிருந்து வருகிற வயரும் பின்னால் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டு, ஈயம் வைத்து, துணி டேப் சுற்றப்பட்டிருந்தன. முன்னால் இருக்கிற சுவிட்ச் சும்மா பேருக்கு. சுத்தமான வேலை. டேப் வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் இடது கைக்காரர் ஒருவர்தான். டேப் அப்படி ஓடுவது அவள் சுற்றினால் மட்டும்தான்.

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் இதே வண்டி. சுவிட்ச் உள்ளே கருகிப்போய், பலூன் வேலை செய்யவில்லை. புதுச் சுவிட்ச் வருவதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வண்டிக்காரர் வரவேற்பறையில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இப்போதைக்கு டைரக்டாகப் போட்டு அனுப்பு, சுவிட்ச் வந்ததும் வண்டியைக் கூப்பிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவள் போட்டாள். தற்காலிகமாகப் போடும் எந்த ஒட்டுக்கும் அவள் ஒரு வெள்ளைக் காகிதக் கொடி கட்டி, 'மாற்ற வேண்டும்' என்று எழுதிவிடுவாள். கொடி இருந்த இடத்தில் இப்போது நூல் மட்டும் மிச்சம். வண்டிக்காரர் கண்ணில் படக்கூடாது என்று டெலிவரிக்கு முன் யாரோ கத்தரித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு நாற்பது, ஐம்பது வண்டி பார்த்துவிட்டாள். இதை மறந்தே போனாள். மறந்தது மாமா இல்லை, தான்தான் என்பது அவள் மேல் கல்லைப்போல இறங்கியது. டிக்கி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்து வண்டியில் வேலை செய்த பையன் என்னக்கா தலைவலியா என்று கேட்டான். ஆமாம் என்றாள்.

மணி ஒன்பதரை. அழுது தீர்க்க நேரம் இல்லை. இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. ஏற்பாடு உயிரோடு இருந்ததென்றே வைத்துக்கொண்டாலும், சும்மா நின்ற வண்டி அந்த நேரம் பார்த்து ஏன் இறங்க வேண்டும்? அதைச் சொல்ல முடியாவிட்டால் மேனேஜர் அதிலேயே பிடித்துக்கொள்வார். பாதிக் கதையோடு போனால் முழுப் பழியோடு திரும்ப வேண்டியதுதான்.

எஞ்சினை ஓட்டி வண்டியை எட்டுக்கு ஏற்றினாள். அச்சுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு தடித்த மரக்கட்டையைச் சொருகினாள். கம்ப்யூட்டரை உயிரோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஃபியூஸைப் பிடுங்கினால் ஒன்றும் தெரியாது. படுத்து, சென்சாரிலிருந்து வரும் வயரில் மீட்டரின் ஊசியைக் குத்தினாள். இரண்டரை வோல்ட். உடல் நேரான உயரத்தில் இருக்கிறது என்று பொருள். பிறகு அவர் கை இருந்த அதே இடத்தில் தன் கையை விட்டாள்.  விடுவதற்கு முன் மரக்கட்டையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வயர்க்கட்டை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போனாள். இரண்டரை, இரண்டரை, இரண்டரை. ஒரு இரும்புப் பிடியின் விளிம்பில் வயர் உரசிக்கொண்டிருந்த இடத்தை அசைத்ததும் மீட்டர் நாலரைக்குத் தாவியது. அதாவது, உடல் ஆகாசத்தில் இருக்கிறது, இறக்கு. தலைக்கு மேலே வால்வு டிக்கென்றது. புஸ்ஸென்ற சத்தத்தோடு உடல் இறங்கி மரக்கட்டையில் உட்கார்ந்தது. கையை எடுத்துக்கொண்டு வெளியே உருண்டாள்.

உரசி உரசி வயரின் தோல் ஒரு பக்கம் தேய்ந்து செம்பு தெரிந்தது. ராத்திரி வண்டி சாய்ந்ததற்கும் இதுதான் காரணம், செவ்வாய்க்கிழமை இறங்கியதற்கும் இதுதான் காரணம். மாமா பழுதைத் தேடிக் கையை விட்டிருக்கிறார். சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். சுவிட்ச் வேலை செய்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பத்து நிமிஷத்தில் அந்த வயரைச் சரிசெய்துவிடலாம். அவள் செய்யவில்லை. பன்னிரண்டு மணிவரை அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு ஸ்டோருக்குப் போனாள்.

ஸ்டோர்க்காரர் வண்டி எண்ணைக் கேட்டதும் ஏணி போட்டு ஏறி ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்தார். புதுச் சுவிட்ச். வந்து ஐந்து வாரமாகிறது. சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னாராம். வண்டிக்காரரைக் கூப்பிட்டால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று சண்டைக்கு வருவார், அடுத்த சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றாராம். சுவிட்ச் கேட்டு அன்றைக்கு எழுதிய சீட்டு புத்தகத்தில் இருந்தது. 'சுவிட்ச் கருகியது. டைரக்ட் போடப்பட்டது. அவசரம்.' அவள் கையெழுத்து. அதற்கு மேல் சூப்பர்வைசரின் கையெழுத்து.

அவள் முகத்தைப் பார்த்தே ஸ்டோர்க்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. கவுண்டருக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"நான் சொல்றதக் கேளு. புதுசப் போட்டுரு, ஒட்டப் பிரிச்சுரு, வயரச் சரி பண்ணிரு. அரை மணி நேர வேலை. அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்னு மட்டும் சொல்லு. நீயே போய் உன் கழுத்த நீட்டாத. எய்தவன் இருக்க அம்ப நொந்து என்ன ஆகப் போகுது? கடைசியில அம்பத்தான் ஒடிச்சுப் போடுவாங்க. வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்கு உனக்கு."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவள் அந்தச் சீட்டைப் படமெடுக்கலாமா என்று கேட்டாள்.  அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஏதோ எடுக்கப் போகிறவர்போல உள்ளே போனார்.

டீ நேரத்தில், பழைய டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் நின்று அக்காவுக்குப் போன் செய்தாள். சுவிட்சைப் பற்றி முதலில் சொன்னாள். அந்தப் பக்கம் தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"அப்ப அவரு மறக்கல," என்றாள் அக்கா.

"மறக்கலக்கா. அணைச்சிருக்காரு. என் கையால தொட்டுப் பாத்தேன்."

"மூணு நாளா நான் அவர வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருக்கேன்டி." அக்காவின் குரல் உடைந்தது.

அவள் அந்த அழுகை அடங்கும்வரை காத்திருந்தாள். மிச்சத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், தள்ளிப்போட்டால் வாய் வராது.

"பின்னாடி வயர ஒட்டுனது நான்தான்கா. ரெண்டு மாசம் முன்னாடி. டைரக்ட் போடுன்னாங்க, போட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். 

"இதச் சொன்னா உன் வேலை?"

"போயிடும்."

"இப்போதைக்கு உன் மூஞ்சியப் பாக்க எனக்குப் பிடிக்கல," என்றாள் அக்கா. "ஆனா சொல்லிரு. அவரு மறக்கலைங்கறத நான் இப்பவே போய் அவர்கிட்ட சொல்றேன்."

பன்னிரண்டுக்குக் கால்மணி முன்பே மேனேஜரையும் சூப்பர்வைசரையும் வண்டிக்கு வரச் சொல்லிவிட்டாள். மேனேஜர் தன் அறையில் பேசலாமே என்றார். வண்டி அங்கே வராது சார் என்றாள். பக்கத்து வண்டிகளில் ஸ்பேனர் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரும் பார்க்கிற மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசரைத் தலையை உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னாள். சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்டாள். அவர் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். அணைந்த பக்கம் என்றார். விளக்கு? எரிகிறது. டிக்கியில் ஒட்டியிருந்த பட்டையைக் கிழித்தது யார் என்று கேட்டாள். நான்தான் என்றார். அவர் வெளியே வந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி வழுக்கி இறங்கியிருந்தது, அதை ஏற்றிவிட்டுக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு அவள் எஞ்சினை ஓட்டி வண்டியை மறுபடி எட்டுக்கு ஏற்றி, மரக்கட்டையை எடுத்துவிட்டாள். ஒரு சின்னக் காலி ஆயில் டப்பாவை எடுத்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நிற்க வைத்தாள். ஒரு நீளக் குச்சியால் அந்த வயரை மெதுவாகத் தள்ளினாள். வால்வு டிக்கென்றது. உடல் மூச்சுவிட்டபடி இறங்கியது. சத்தம் கேட்டு நிமிர்வதற்குள் அது டப்பாமேல் உட்கார்ந்துவிட்டது. தகரம் முதலில் இடுப்பில் மடிந்தது, பிறகு முனகியது, பிறகு தட்டையானது. உள்ளே இருந்த கையை எடுத்துக்கொள்ள நேரமே கிடைத்திருக்காது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

"சுவிட்ச் அணைஞ்சுதான் சார் இருக்கு," என்றாள்.

மேனேஜர் நசுங்கிய டப்பாவையே பார்த்தார். "இத இப்படி ஒட்டுனது யாரு?"

"நான்தான் சார். சூப்பர்வைசர் சொல்லி ஒட்டினேன். புதுச் சுவிட்ச் வந்து அஞ்சு வாரமா ஸ்டோர்ல இருக்கு."

அப்படிச் சொன்னதாகத் தனக்கு ஞாபகம் இல்லை என்றார் சூப்பர்வைசர். அவள் போனில் இருந்த சீட்டுப் படத்தைக் காட்டினாள். அவர் தன் கையெழுத்தையே யாரோ தெரியாதவர் கையெழுத்தைப்போலப் பார்த்தார். அன்றைக்கு மேலே இருந்துதான் போன் வந்தது, வண்டியை எப்படியாவது அனுப்பு என்றார்கள் என்று வாய்க்குள் சொன்னார். மேனேஜர் அப்போது தன் போனை எடுத்துப் பார்த்தார், அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

வண்டிக்காரர் வந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். முதலில் வண்டியை முடித்துக் கொடு, மற்றது பிறகு என்றார் மேனேஜர். வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. அவள் தன் ஒட்டைப் பிரித்தாள், புதுச் சுவிட்சைப் போட்டாள், தேய்ந்த வயரை வெட்டிச் சேர்த்து, உரசாதபடி ரப்பர் குழாய்க்குள் விட்டுக் கட்டினாள். அணைத்தாள், விளக்கு அணைந்தது. போட்டாள், எரிந்தது. இரண்டு பக்கமும் எட்டு. வண்டிக்காரர் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து, தானாகவே நிமிர்ந்தது. மூன்று நாள் தாமதத்துக்கு அவர் மேனேஜரிடம் குறைப்பட்டுக்கொண்டு கிளம்பினார்.

மேனேஜர் அறையில் அறிக்கையைப் புதிதாக அடித்து வைத்திருந்தார்கள். மெக்கானிக் சுவிட்சை அணைத்தார், ஆனால் எச்சரிக்கை விளக்கைக் கவனிக்கத் தவறினார். எலெக்ட்ரீசியன் முறையின்றிச் செய்த வயர் இணைப்பே விபத்துக்குக் காரணம். அவ்வளவுதான். சூப்பர்வைசர் என்ற சொல்லே அதில் இல்லை. ஐந்து வாரம் ஸ்டோரில் கிடந்த சுவிட்சும் இல்லை.

அவள் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். 'அணைத்தார்' என்ற இடத்தில் விரலை வைத்தாள். அது போதும் என்று ஒரு மனம் சொன்னது. பேனாவை எடுத்து, விளக்கைப் பற்றி இருந்த வரியின் மேல் கோடு போட்டாள். கீழே இருந்த வெற்றிடத்தில், இணைப்பைப் போடச் சொன்னது யார், எந்தத் தேதி, புதுச் சுவிட்ச் என்றைக்கு வந்தது என்று தன் கையால் எழுதினாள். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

இப்படிக் கிறுக்கினால் இந்தக் காகிதம் செல்லாதே என்றார் மேனேஜர். கோபப்படவில்லை, வருத்தப்படுகிறவர்போலச் சொன்னார்.

"வேற அடிச்சா அதுலயும் இதையேதான் எழுதுவேன் சார். எத்தனை தடவ அடிக்கிறீங்களோ அத்தனை தடவ எழுதுவேன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். மருத்துவச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். மெக்கானிக் ஒன்றாம் தேதியிலிருந்து வரலாம், ஸ்டோரில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை கொடுக்கலாம் என்றார். அவள் மட்டும் விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும். எப்போது முடியும் என்று கேட்டாள். கடிதம் வரும் என்றார்.

கடிதம் வரவில்லை. ஒன்றாம் தேதி வந்தது. தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் கடையில் அவள் வயர் வேலை பார்க்கத் தொடங்கியிருந்தாள். அன்று காலை அக்கா வீட்டு வாசலில் போய் ஸ்கூட்டரை நிறுத்தினாள். அக்கா இன்னும் அவளிடம் முழுதாகப் பேச ஆரம்பிக்கவில்லை. ஆனால் இரண்டு சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று உனக்கு என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். மாமா பின்னால் ஏறி உட்கார்ந்தார். அறிக்கையின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மூன்று வாரமாக அதை எடுத்து எடுத்துப் பார்த்து மடிப்பு கிழிய ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பாதாளத்திலிருந்து ஸ்டோருக்கு, நேராகச் சொர்க்கத்துக்குப் போகிறேன் பார் என்றார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் தூணில் வருகை பதியும் மெஷின் இருந்தது. மணி ஒன்பதாக எட்டு நிமிஷம் இருந்தது. ஆட்கள் வரிசையாக ஆள்காட்டி விரலை வைத்து வைத்து உள்ளே போனார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் நன்றி என்றது. அவர் முறை வந்தது. ஒன்பது வருஷமாக வைத்த பழக்கத்தில் வலது ஆள்காட்டி விரலை நீட்டினார். மேல் கணு இல்லாத அந்த விரல், புதுத்தோல் ரோஸாகப் பளபளக்க, கண்ணாடியைத் தொட்டது.

"விரல் பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்," என்றது குரல்.

நடுவிரலை வைத்தார். இடது கையை வைத்தார். அதே பதில். வாட்ச்மேனுக்கு அவரை ஒன்பது வருஷமாகத் தெரியும். வாட்ச்மேன் தலையைச் சொறிந்துகொண்டு, புது விரலை ஏற்றுகிற அதிகாரம் மேனேஜருக்குத்தான் இருக்கிறது, அவர் பத்து மணிக்குத்தான் வருவார், மெஷின் ஏற்காமல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று உத்தரவு என்றார். ஒன்பதைத் தாண்டினால் அரைநாள் போய்விடும் என்பதை அவர் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

மாமா வரிசையிலிருந்து ஓரமாக நகர்ந்து நின்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து விரலை வைத்தார்கள். நன்றி. நன்றி. நன்றி. சிலர் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவள் ஸ்கூட்டரை அணைத்து ஸ்டாண்டு போட்டாள், போகவில்லை.

ஒன்பது மணி அடித்தது. கடைசி ஆளும் உள்ளே போனபின் அவர் மெஷினிடம் வந்தார். சட்டை நுனியால் கண்ணாடியை நன்றாகத் துடைத்தார். பிறகு அந்த விரலையே மறுபடியும், அழுத்தமாக, அதன்மேல் வைத்தார்.

"விரல் பொருந்தவில்லை. மீண்டும் வைக்கவும்."